தலையை மட்டும் பிறகு வைத்தோம்

தங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பொய் சொன்ன பெண்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். உண்மையை மட்டுமே சொல்லி, அந்த உண்மையாலேயே தன் கல்யாணம் நடக்கவில்லை என்று ஓர் அரசாங்கத்தை நம்பவைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் வெளிநாட்டு அரசாங்கம். (எந்த நாடு என்று கேட்காதீர்கள். என் கணவரின் பென்ஷன் இன்றும் அங்கிருந்துதான் வருகிறது. எதற்கு வம்பு.)

எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் சேவியர் அந்த நாட்டில் கப்பல் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பிட்டர். லீவில் தூத்துக்குடிக்கு வந்தார், ஆலந்தலைக்கு வந்து என்னைப் பெண் பார்த்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் பூசையில் அறிவிப்பதைத்தான் எங்கள் பக்கம் ஓலை வாசிப்பது என்போம். ஒருவரும் தடை சொல்லவில்லை. தடை சொல்ல வேண்டியவர்கள் ஓர் ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் சொச்சம் ஆனதும் அவர் கிளம்பினார். "நான் போயி உனக்கு ஸ்பான்சர் பேப்பர் போடுதேன். நீ பெட்டியக் கட்டி வையி. மழைக்கு முன்னால வந்துருவ" என்றார். எந்த வருஷத்து மழை என்று அவர் சொல்லவில்லை. நானும் புதுப்பெண், கேட்கவில்லை.

பெட்டியைக் கட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். பெட்டி கட்டியாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். எங்கள் கடற்கரையில் ஆண்பிள்ளை கப்பலேறுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பெண், விமானத்தில், குளிர்தேசத்துக்குப் போகிறாள் என்றால் தெருவுக்கே விசேஷம். கோயில் பெண்கள் சபையில் எனக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். டீ, கேக், ஒரு பாட்டு, "சென்று வருக" என்று பூத்தையல் போட்ட தலையணை உறை. நான் கண்ணீர் விட்டு நன்றி சொன்னேன். அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். தலையணை உறை கொடுத்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், அதைத் திருப்பிக் கேட்கலாமா என்ற யோசனை தெரிந்தது.

முதல் மழை வந்து போனது. விசா ஆபீஸிலிருந்து நெஞ்சு எக்ஸ்ரே கேட்டுக் கடிதம் வந்தது. உடனே இரண்டாவது வழியனுப்பு விழா வைத்தார்கள். (இந்தத் தடவை கேக் இல்லை, பிஸ்கட்.) எக்ஸ்ரே எடுத்து அனுப்பினேன். அது செல்லும் காலத்துக்குள் போலீஸ் சான்றிதழ் வரவில்லை. சான்றிதழ் வந்தபோது எக்ஸ்ரே காலாவதி. மறுபடி எக்ஸ்ரே எடுத்தேன். அது போய்ச் சேர்வதற்குள் சான்றிதழுக்கு வயசாகிவிட்டது. நான் நடுவில் நெஞ்சை மாற்றிக்கொண்டு ஏமாற்றிவிடுவேன் என்று பயந்தார்களோ என்னவோ. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் என்னை வாசலில் பார்த்ததுமே "வாங்க தங்கச்சி, மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று ஆரம்பித்துவிடுவார். மூன்றாவது விழாவைப் பற்றிச் சபைத் தலைவியிடம் யாரோ பேச்செடுத்தபோது, "அவ முதல்ல போகட்டும், பெறவு வழியனுப்புவோம்" என்று சொல்லிவிட்டாராம்.

ஊரில் அப்போது புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் விண்ணப்பம் போன சமயத்தில் லாரி லாரியாகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கல் சுவராகி, சுவர் நீண்டு, கப்பலே வந்து நின்றுவிட்டது. கடலைத் தூர்த்து ஒரு துறைமுகமே எழுந்துவிட்ட அந்தக் காலத்தில் என் ஃபைல் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்திருந்தது.

என் மாமியார் இதையெல்லாம் லட்சியம் செய்யவில்லை. கட்டை குட்டையான உருவம், தெருமுனை வரை கேட்கும் குரல். கணவரை இளவயதிலேயே இழந்து, மூத்தவன் சேவியரையும், கப்பலில் சமையல்காரராக இருந்த இளையவனையும் தனியாக வளர்த்தவர். மாமி என்றுதான் கூப்பிடுவேன். முத்துக்குளிப்பு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. அதிகாரிகள் படகில் போய்ச் சிப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் விளையவில்லை என்று சொல்லிக் கரையேறுவது ஊரில் பழகிப்போன சங்கதி. "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று அச்சடித்த கடிதம் வரும்போதெல்லாம் மாமி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சிப்பி விளையலியாம்ளா" என்று தெருவுக்கு மொழிபெயர்த்துவிடுவார்.

இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. மீன் வாங்கப் போனால் மீன்காரி, "அவனுக்கு அங்கன வெள்ளக்காரி ஒருத்தி இருக்காளாமே, நெசமாளா?" என்று எடை போட்டுக்கொண்டே கேட்பாள். ஆலந்தலையிலிருந்து என் அப்பா, "கொஞ்ச நாள் இங்கே வந்து இருந்துவிட்டுப் போயேன்" என்று எழுதினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்துப் பெண் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விண்ணப்பம் தள்ளுபடியானால் நான் தாலியோடு அப்பா வீட்டுக்குப் போய், கட்டிக்கொடுத்தும் கட்டிக்கொடுக்காத பெண்ணாக மூலையில் உட்கார வேண்டியதுதான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவரோடு இருந்ததே ஒரு மாதம் சொச்சம். அவருடைய குரல் எனக்கு மறந்துகொண்டு வந்தது.

மிச்சமிருந்தது கல்யாண போட்டோ ஒன்றுதான். அதிலும் மனிதர் கண்ணை மூடியிருந்தார்.

எங்கள் போட்டோக்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கப்பல்காரக் குடும்பங்களில் எந்த விசேஷத்துக்கும் எல்லா ஆம்பிளைகளும் ஊரில் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஞானஸ்நானமோ கல்யாணமோ, ஒருவன் பம்பாயில் இருப்பான், ஒருவன் நடுக்கடலில் இருப்பான். அதற்காக அவனை விட்டுவிட முடியுமா? குரூப் போட்டோ எடுக்கும்போது அவனுக்கு இடம் விட்டு நிற்போம். ஸ்டுடியோ அண்ணாச்சி பிறகு அவனுடைய பழைய படம் ஒன்றை வாங்கி, கத்தரித்து, அந்த இடத்தில் ஒட்டி, ஓரங்களை மையால் தடவி, மறுபடி படம் பிடித்து முழுசாகக் கொடுப்பார். செத்துப்போனவர்களுக்கும் இதே மரியாதை உண்டு. முழு உடம்புப் படம் கிடைக்காவிட்டால், ஸ்டுடியோவில் தயாராகக் கோட்டும் சூட்டும் போட்ட உடம்புகள் இருக்கும். தலையை மட்டும் கொடுத்தால் போதும். இது பொய் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. வர முடியாதவர்களை வரவழைத்தோம், அவ்வளவுதான்.

எங்கள் கல்யாண போட்டோவிலும் அப்படித்தான். மாமியின் நாற்காலிக்குப் பின்னால் இடம் விட்டு, காலமான மாமனாரை நிறுத்தியிருந்தார்கள். மாமனாரின் இளவயதுப் படம்தான் கிடைத்தது. அதனால் மாப்பிள்ளையைவிட மாமனார் இளமையாக, ஜோராக இருந்தார். ஓரத்தில் என் கொழுந்தன், கப்பல் சமையல்கட்டு வெள்ளை உடுப்பில். நடுவில் நானும் அவரும். அவர் மட்டும் நேரிலேயே வந்திருந்து, நேரிலேயே கண்ணை மூடியிருந்தார்.

அவர் கப்பலேறிய பிறகு தினமும் அந்தப் படத்தைப் பார்ப்பேன். என்னிடம் இருப்பது ஒரே படம், அதிலும் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்றால் மனசுக்கு எப்படி இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, அவுக கண்ணத் தொறந்து குடுங்க."

"கண்ண மட்டும் தொறந்தா பேயடிச்ச மாதிரி இருக்கும்மா" என்றார் அண்ணாச்சி. "மாப்ளைக்கு பாஸ்போர்ட் படம் நாந்தான எடுத்தேன். அந்தத் தலைய எடுத்து இதுல வச்சிருதேன். சந்தேகம் வராது."

வைத்தார். சந்தேகம் வராதபடிதான் வைத்தார், எங்களுக்கு. உடம்பு என் பக்கம் சாய்ந்து குழைந்து நிற்க, தலை மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது போல நேராகப் பார்த்தது. இருந்தாலும் என்னைப் பார்க்கிறாரே, அது போதும் என்று ஃபிரேம் போட்டேன்.

அடுத்த கடிதத்தில் விசா ஆபீஸ் ஒரு கல்யாண போட்டோவோடு என்னைச் சென்னைக்கு நேரில் வரச் சொன்னது. வீட்டில் இருந்ததில் நல்ல படத்தை, அதாவது புதுத் தலை வைத்ததை, ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு லூர்து அக்காதான் எங்கள் தெருவில் வெளிநாட்டு விவகாரம். மதுரைக்கு வடக்கே போனதில்லை. ஆனால் எந்த ஆபீஸில் என்ன கேட்பார்கள், எதற்கு எப்படி உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் எனக்கு ஒரே ஒரு புத்திமதி சொன்னார்.

"ஒம் மாப்ள அனுப்புன கம்பளிக் கோட்டப் போட்டுட்டுப் போளா. குளிர் நாட்டுக்குத் தோதான ஆளான்னு பாப்பாக. உள்ள போனதும் கழட்டச் சொல்லுவாக. கழட்டிறாத. அதாம் பரீட்ச."

அந்தக் கோட்டு முழங்கால் வரை வரும். பூச்சி அரிக்காமல் இருக்க மாமி அதை வாரந்தோறும் மொட்டை மாடியில் காயப்போடுவார். பக்கத்துக் கொடியில் சீலாக் கருவாடு காயும். மே மாதத்தில், சென்னையில், கருவாட்டு மணம் வீசும் கம்பளிக் கோட்டோடு நான் அந்த ஆபீஸுக்குள் நுழைந்தேன். வரவேற்பில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். மரியாதை என்று நினைத்தேன்.

துணைக்கு வந்த மாமியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் கேள்வியைத் தமிழில் சொல்ல ஒரு சென்னை அம்மா. அதிகாரி என்னைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், ஏதோ சொன்னார்.

"வெப்பம் அதிகமாக உள்ளது. தாங்கள் விரும்பினால் மேலங்கியைக் கழற்றலாம் என்கிறார்" என்றார் சென்னை அம்மா.

லூர்து அக்கா சொன்னது அப்படியே நடந்ததில் எனக்குப் புல்லரித்தது. "வேண்டாம். எனக்குக் குளிரே தோது" என்றேன். நெற்றி வேர்வை மூக்கு வழியாக மேசையில் சொட்டியது. அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார்.

பிறகு படத்தை எடுத்து வைத்து மாமனாரைத் தொட்டுக் காட்டினார்.

"இவர் யார்?"

"எங்க மாமா. அவுக அப்பா."

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "தங்கள் கணவரின் தந்தை திருமணத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டதாக விண்ணப்பத்தில் உள்ளதே?"

"ஆமா. எறந்துட்டாக."

"திருமணத்துக்கு வந்திருந்தாரா?"

"செத்தவுக எப்படி வருவாக? படத்துக்கு மட்டும் வந்தாக."

சென்னை அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி கொழுந்தனுக்கு நகர்ந்தார்.

"இவர்?"

"எங் கொழுந்தன். கப்பல்ல இருந்தாக."

"எப்போது?"

"கல்யாணத்தன்னைக்கு."

"கப்பலில் இருந்தவர் இங்கே எப்படி நிற்கிறார்?"

"நாங்க எடம் விட்டிருந்தோம்."

இதைவிடத் தெளிவாக ஒரு பதிலைச் சொல்லவே முடியாது என்று நான் அப்போது நம்பினேன். அதிகாரி மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஃபைலில் குத்தியிருந்த என் கணவரின் பாஸ்போர்ட் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே முகம், அதே முறைப்பு, காதோரம் நட்டுக்கொண்டிருந்த அதே ஒற்றை முடி. கழுத்துக்குக் கீழே கோட்டு காலருக்கு மேல் இன்னொரு சட்டைக் காலர்.

"மணமகனாவது திருமணத்துக்கு வந்திருந்தாரா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் வந்ததையே சந்தேகப்படுகிறார்களே என்று ரோஷம். கோட்டுக்குள் உடம்பு வெந்துகொண்டிருந்தது. நெஞ்சை நிமிர்த்தி, ஊரில் பேசுகிற குரலிலேயே சொன்னேன்.

"வந்திருந்தாக. தலைய மட்டும் பெறவு வச்சோம்."

சென்னை அம்மா மொழிபெயர்த்தார். ஒருமுறை சொன்னது போதவில்லை, அதிகாரி மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்தார். வெளியே வந்தபோது மாமி, "என்னளா, நல்லாச் சொன்னியா?" என்றார். "எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன் மாமி. கோட்டையும் கழட்டல" என்றேன். ஊர் திரும்பும் ரயிலில் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இன்றும் என்னை நானே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

சில வாரங்கள் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று விசா ஆபீஸிலிருந்து: திருமணம் நடந்ததற்கான ஆதாரம் சந்தேகத்துக்குரியது, அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார், அதுவரை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது. இன்னொன்று என் கணவரிடமிருந்து. அவரையும் அங்கே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு உன் அப்பா வந்தாரா என்று கேட்டதற்கு அவர், செத்துப் பல வருஷம் ஆகிறது என்றிருக்கிறார். தம்பி? கப்பலில். அப்படியானால் நீ? கேட்ட கேள்வியில் மனிதர் ஆடிப்போயிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரியில், "பிலோ, நான் வந்தேன்தானே?" என்று எழுதியிருந்தார்.

அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். என் வாயால் நானே கெடுத்துக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. லூர்து அக்கா வந்து சமாதானம் சொன்னார். "நீ கோட்டுப் பொத்தான முழுசாப் போட்டியா?" என்றும் கேட்டார்.

அதிகாரி வருவதாகத் தகவல் வந்ததும் தெரு லூர்து அக்காவின் தலைமையில் தயாரானது. யாரிடம் கேட்டாலும் ஒரே பதில் சொல்ல வேண்டும் என்று அக்கா ஒத்திகை பார்த்தார். விளைவு, அதிகாரியும் சென்னை அம்மாவும் தெருவில் கால் வைத்ததும், வண்டிக்காரரில் இருந்து சோடாக் கடைக்காரர் வரை, கேட்கப்படாதவர்கள்கூட, "மாப்பிள்ளை சேவியர் அன்று காலை நேரில் வந்து, முழு உடம்போடு நின்று தாலி கட்டினார்" என்று பாடம் ஒப்பித்தார்கள். முழு உடம்போடு என்ற இடத்தில் அழுத்தம் வேறு. அதிகாரியின் முகம் வாசலுக்கு வரும்போதே இறுகிப்போயிருந்தது.

மாமி அவருக்குக் கலர் சோடாவும் மீன் வறுவலும் கொடுத்தார். கோயில் பதிவேட்டுச் சான்றைக் காட்டினோம். அதிகாரி வாங்கிப் பார்த்தார். படத்தில் தலை மாறும் ஊரில் காகிதம் மாறாதா என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. கேட்ட கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில் எழுந்துவிட்டார். அவர் படியிறங்கினால் நான் ஆலந்தலைக்குப் போகிற பஸ்ஸைப் பார்க்க வேண்டியதுதான்.

மாமிதான் விடவில்லை. "இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஒரு படம் எடுக்காமப் போறதா?" என்றார். பெரிய மனிதர் வருகிறார் என்று ஸ்டுடியோ அண்ணாச்சிக்கு முதல்நாளே சொல்லிவைத்திருந்தார். இருக்கிற வினை போதாதென்று இன்னொரு போட்டோவா என்று எனக்குத் திக்கென்றது. அதற்குள் அண்ணாச்சி முற்றத்தில் மூன்றுகால் ஸ்டாண்டை விரித்துக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டார்.

எல்லோரும் வந்து நின்றோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மாமி நாற்காலியில் உட்கார்ந்தார்; பின்னால் நின்றவர்கள் தானாக இரண்டடி விலகிக்கொண்டார்கள். வலது ஓரத்தில் லூர்து அக்கா ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி நின்றார். நான் என் இடத்தில் நின்றேன். என் வலப்பக்கம் காலியாக இருந்தது. அதிகாரி வேண்டாவெறுப்பாக வந்து, காலியாக இருக்கிறதே என்று என் பக்கத்தில் நின்றார். மாமி உட்கார்ந்தபடியே அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"தொர, அங்கன நிக்காதீக. அது எம் மவன் எடம்."

சென்னை அம்மா சொன்னார். அதிகாரி குழம்பிப்போய், மாமியின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த இடத்துக்குப் போனார்.

"அங்கனயும் வேண்டாம். அது எங்க வீட்டுக்காரவுக எடம்."

அவர் ஓரத்தைப் பார்த்தார். கேட்பதற்கு முன்பே லூர்து அக்கா, "இது சின்னவனுக்கு. கப்பல்ல இருக்கான்" என்றார்.

அதிகாரி வரிசையை விட்டு விலகி, அண்ணாச்சியின் பக்கத்தில் போய் நின்று எங்களைப் பார்த்தார். நிற்கிறவர்களையும் பார்த்தார், நடுவில் இருந்த காலி இடங்களையும் பார்த்தார். பிறகு அண்ணாச்சியிடம் ஏதோ கேட்டார். அண்ணாச்சி விழுந்தடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடி, எங்கள் கல்யாணப் படத்தின் முதல் நெகட்டிவைக் கொண்டுவந்தார். அதிகாரி அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மாமனார் இல்லை. கொழுந்தன் இல்லை. மாப்பிள்ளை இருந்தார், சொந்தத் தலையோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

அந்த மனிதர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்து முடித்துவிட்டு, "இதுவே போதுமான ஆதாரமாயிற்றே, ஏன் தலையை மாற்றினீர்கள்?" என்று கேட்டார்.

நல்ல பதிலாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். கடைசியில் உள்ளதைச் சொன்னேன்.

"அவுக போயி ரொம்ப நாளாச்சு. என்னையப் பாக்குத மாதிரி ஒரு படம் வேணும்னு தோணிச்சு."

சென்னை அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னார். அதிகாரி தலையாட்டினார், எங்கள் வரிசையின் கடைக்கோடியில், யாருக்கும் ஒதுக்காத இடமா என்று மாமியைக் கேட்டுக்கொண்டு, போய் நின்றார். அண்ணாச்சி படம் எடுத்தார்.

விசா வந்தது. உடனே வந்ததாக நினைத்துவிட வேண்டாம். விசாரணை முடிந்த நேரத்தில் எக்ஸ்ரே காலாவதியாகியிருந்தது. ஆனாலும் வந்தது. நான் சபையில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஒரு புதன்கிழமை கிளம்பிப் போனேன். விமான நிலையத்தில் என் கணவர் முன்னால் வந்து நின்று "பிலோ" என்றதும், மறந்துவிட்டேன் என்று பயந்த குரல் அப்படியே எனக்குள் இருந்தது தெரிந்தது. கோட்டை நான் கையில்தான் வைத்திருந்தேன். அன்று அங்கே வெயில் கொளுத்தியது.

அந்த முற்றத்துப் படம் இன்றும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அண்ணாச்சி எல்லோரையும் அவரவர் இடத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார். கோடியில் நிற்கும் வெள்ளைக்காரர் கண்ணை மூடியிருந்தார். அவருடைய பாஸ்போர்ட் படம் கைவசம் இல்லாததால் அண்ணாச்சி தூரிகையாலேயே கண் வரைந்து திறந்துவிட்டார். அதனால் அவர் திருவிழாத் தேரில் வைக்கும் புனிதர் சுரூபம் மாதிரி இருக்கிறார். வருகிற விருந்தாளிகள் இவர் எந்த வழிச் சொந்தம் என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் யாராவது விசேஷத்துக்கு வர முடியவில்லை என்று போன் செய்தால், பேரன் பேத்திகள்கூட, "பரவாயில்ல, தலைய மட்டும் பெறவு வச்சிக்கிடுதோம்" என்றுதான் பதில் சொல்கிறார்கள்.

இதில் முழு லாபம் என் கணவருக்குத்தான். போன மாதம் எனக்கு முழங்கால் வலி. எழுந்து போய்க் காபியில் சர்க்கரை போட்டு எடுத்து வரச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்பத்திலும் துன்பத்திலும், நோயிலும்னு கோயில்ல சாமியார் முன்னால சத்தியம் பண்ணீகளே. மறந்துபோச்சா?"

பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "அன்னைக்கு நான் எங்க வந்தேன்? நீதான அரசாங்கத்துல சொன்ன" என்றார்.

நானே போய்ச் சர்க்கரை போட்டுக்கொண்டேன்.